பொழியூர் ரோட்டு அவுட்போர்டு ஒர்க்‌ஷாப்: பழைய எஞ்சின் வைத்திருப்பவர்கள் நம்பிப் போகலாம்

நீரோடி தாண்டி கேரளா எல்லைக்குள் நுழைந்து பொழியூர் பக்கம் போகிற கடற்கரை ரோட்டில், தகரக் கூரை போட்ட, அவுட்போர்டு எஞ்சின் (வள்ளத்தின் பின்னால் வெளியே மாட்டுகிற எஞ்சின்) பழுது பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. பெரிய போர்டெல்லாம் கிடையாது. வாசலில் தண்ணீர் நிரப்பின நீல டிரம்முகளும், மரச்சட்டத்தில் வரிசையாகத் தொங்குகிற எஞ்சின்களும்தான் அடையாளம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை என்று நம்ம பக்கத்தில் செகண்ட் ஹேண்ட் எஞ்சின் வாங்கின பலரும் எங்கே சர்வீஸ் பண்ணலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் தெரிந்ததை ஒரே இடத்தில் முழுசாக எழுதிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இங்கே போகலாம். புதுசாக வந்திருக்கிற ஃபோர் ஸ்ட்ரோக், அதுவும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ளது என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள், அதை இந்தக் கடை மெக்கானிக் சேட்டனே சொல்லி அனுப்பிவிடுவார்.

எங்கள் வீட்டில் இருப்பது 9.9 எச்.பி. டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிறது. யமஹாவும் சுசுகியும்தான் நம்ம கரையில் எங்கே பார்த்தாலும் கண்ணில் படும், அந்த வகைதான் இதுவும். அண்ணன் தூண்டில் தொழிலுக்குப் போகிற சின்ன பைபர் வள்ளத்துக்காகக் கை மாற்றி வாங்கினது. வாங்கினபோது நன்றாகத்தான் ஓடியது. போகப்போக மூன்று தொல்லை சேர்ந்துகொண்டது. எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் பின்பக்கத் துளை வழியாகச் சீறிக்கொண்டு வர வேண்டிய தண்ணீர் நூல் மாதிரி மெலிந்துவிட்டது, கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் சூடாகி இழுவை குறைந்தது, காலையில் ஸ்டார்ட் ஆவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். வேறு ஒரு இடத்தில் காட்டினோம். மூடியைக் கழற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிஸ்டன் ரிங் போய்விட்டது, போர் பண்ணி (சிலிண்டரைக் கடைந்து) பிஸ்டன் மாற்றணும் என்று எஞ்சின் வாங்கின விலையில் பாதிக்குக் கணக்குச் சொன்னார்கள். ஒரு கேஜ் வைத்துக்கூட அளக்கவில்லை. பழைய எஞ்சின்காரர்களுக்கு நடக்கிற பெரிய அநியாயம் இதுதான். பழசு என்று சொன்னதுமே பெரிய வேலைக்குத் தாவிவிடுகிறார்கள், ஒரு சின்ன ரப்பரைப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை.

பொழியூர்க் கடையில் சேட்டன் எஞ்சினை இறக்கினதும் சொன்ன முதல் வார்த்தை, "ஆத்யம் வெள்ளம் வருதான்னு நோக்கட்டும், ரிங் பத்தி பெறகு பறையாம்." அதாவது, முதலில் தண்ணீர் வருகிறதா பார்ப்போம், ரிங் பற்றிப் பிறகு சொல்கிறேன். எஞ்சினை டிரம்மில் மாட்டினார். புரொப்பல்லருக்கு மேலே இருக்கிற தகடு நன்றாக முழுகும் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் கயிற்றைத் தொட்டார். தண்ணீர் இல்லாமல் சும்மா ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். உள்ளே தண்ணீர் ஏற்றுகிற இம்பெல்லர் ரப்பர், அதற்கு அந்தத் தண்ணீர்தான் வழவழப்பு. காய்ந்த நிலையில் சில விநாடி சுற்றினாலே அது கருகத் தொடங்கிவிடும்.

கொஞ்சம் சூடேறினதும் நிறுத்தி, ரெண்டு பிளக்கையும் கழற்றி, எஞ்சினை நிறுத்துகிற கில் ஸ்விட்சின் கயிற்றை (லேன்யார்டை) உருவி, பிளக் ஒயர்களை எஞ்சின் உடம்பில் தொடும்படி வைத்துவிட்டு, த்ராட்டிலை முழுசாகத் திறந்து சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று காட்டுகிற கம்ப்ரெஷன் கேஜ் மாட்டி, முள் ஏறுவது நிற்கும் வரை இழுத்தார். ஒன்றில் 110, இன்னொன்றில் 105 பிஎஸ்ஐ. கேஜை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இதில் தனி எண்ணை விட ரெண்டு சிலிண்டருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஒன்று நூறும் இன்னொன்று அறுபதும் காட்டினால்தான் ரிங், ஹெட் கேஸ்கட் என்று யோசிக்க வேண்டும். போர் பண்ணச் சொன்ன எஞ்சினுக்கு ரிங்கில் கோளாறே இல்லை என்பது அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. செகண்ட் ஹேண்ட் எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் காசு கொடுக்கும் முன்னால் இந்தச் சோதனையைக் கண்டிப்பாகப் பண்ணச் சொல்லுங்கள், பண்ண விடமாட்டேன் என்று விற்கிறவர் சொன்னால் அந்த எஞ்சின் வேண்டாம்.

அடுத்தது தண்ணீர் பம்ப். கீழ்ப்பகுதியின் போல்ட்டுகளைக் கழற்றுவதற்கே நேரம் பிடித்தது. முன்பு கை வைத்தவர்கள் யாரும் கிரீஸ் தடவாமல் முறுக்கியிருந்ததால் உப்பு கட்டி அலுமினியத்தோடு ஒட்டிப்போயிருந்தது. இந்த இடத்தில் அவசரப்பட்டால் போல்ட் தலை முறிந்து உள்ளே நின்றுவிடும். அவர் எண்ணெய் விட்டு ஊறவைத்து, சூடு காட்டி, கொஞ்சம் முன்னே கொஞ்சம் பின்னே என்று அசைத்து அசைத்து எடுத்தார். ஒன்றுகூட முறியவில்லை. இம்பெல்லரை வெளியே எடுத்தபோது அதன் இதழ்கள் ஒரு பக்கமாக மடிந்து அப்படியே விறைத்துப்போயிருந்தன, விரலால் நிமிர்த்தினாலும் நிமிரவில்லை, ஒன்றில் பாதி நுனி இல்லை. அந்த நுனி எங்கே என்பதுதான் சேட்டனின் அடுத்த கேள்வி. புதுசு போட்டு மூடிவிடுகிற ஆள் இல்லை இவர். தண்ணீர் மேலே ஏறுகிற குழாயில் காற்று அடித்து, அந்தத் துண்டு ரப்பரை வெளியே எடுத்து பெஞ்சில் வைத்தார். அது உள்ளேயே கிடந்திருந்தால் புது இம்பெல்லர் போட்டும் எஞ்சின் சூடாகிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

பம்ப்பின் உள் கிண்ணத்தையும் அடித்தகட்டையும் நகத்தால் வருடிப் பார்த்தார். மணல் கீறின கோடு நகத்தில் மாட்டினால் அதையும் மாற்ற வேண்டும். நம்ம துறைகளில் கரையிலேயே ஸ்டார்ட் பண்ணி மணல் கலங்கின தண்ணீரை உறிஞ்ச விடுவதால் இது சீக்கிரம் தேய்கிறது. எங்களுக்குத் தகடு மட்டும் மாற்றினால் போதும் என்றார். புது இம்பெல்லரில் சோப்புத் தண்ணீர் தடவி, அதை ஷாஃப்டோடு பூட்டுகிற சின்ன கீ சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, மேலிருந்து பார்க்க ஷாஃப்டைக் கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே கிண்ணத்தை இறக்கினார், இதழ்கள் எல்லாம் ஓடுகிற திசைக்கு ஏற்ற மாதிரி மடிந்து உட்கார்ந்தன. சூடு ஏறினால் திறந்து தண்ணீரை விடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஒரு சருவத்தில் வெந்நீர் வைத்து அதில் போட்டார், வாய் திறந்தது, அப்படியானால் அது நல்லது. உப்பு மட்டும் சுரண்டி மாட்டினார். பின்பக்கத் துளையில் மெல்லிய கம்பி விட்டு உப்புக் கட்டியைத் தட்டினார். திரும்ப டிரம்மில் போட்டபோது தண்ணீர் பென்சில் கனத்துக்குச் சீறிக்கொண்டு டிரம்முக்கு வெளியே விழுந்தது. தண்ணீர் மெலிந்ததற்கும் சூட்டுக்கும் காரணம் இவ்வளவுதான்.

கியர் ஆயிலைப் பார்க்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை, அவராகவே கீழ் ஸ்க்ரூவையும் மேல் ஸ்க்ரூவையும் கழற்றினார். வந்தது பால் கலந்த டீ நிறத்தில். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம், அதோடு ஓட்டிக்கொண்டிருந்தால் பேரிங்கும் கியரும் துருப்பிடித்து ஒரு நாள் நடுக்கடலில் மொத்தமாக இறுகிவிடும். புரொப்பல்லரைக் கழற்றினால் அதற்குப் பின்னால் ஷாஃப்டில் தங்கூஸ் (நைலான் தூண்டில் நரம்பு) சுற்றிக் கிடக்கிறது! தூண்டில் தொழில் பண்ணுகிறவர்கள் வள்ளத்தில் இது சகஜம், அறுந்த தங்கூஸ் புரொப்பல்லரில் சிக்கும், சுற்றச் சுற்ற இறுகி, தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கிற ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். அவர் கத்தி நுனியால் சுற்றுச் சுற்றாக அறுத்து எடுத்தார், வந்துகொண்டே இருந்தது, உள்ளங்கை நிறைய வந்தது, சூட்டில் உருகி வளையமாக ஒட்டிக்கொண்டிருந்த துண்டும் அதில் இருந்தது. ரெண்டு ஆயில் சீல்களையும் மாற்றி, ஆயில் ஊற்றுவதற்கு முன்னால் கை பம்ப்பால் காற்று ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் கியர் ஆயில் ஏற்றினார். கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வடிகிற வரைக்கும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும், பாதி ஆயில்தான் இறங்கும். ஸ்க்ரூக்களுக்குப் புது வாஷர். பழைய வாஷரையே போடுகிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன், ரெண்டு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்த் தண்ணீர் அந்த வழியாகவே உள்ளே போகும்.

இதிலிருந்து நாங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம், நீங்களும் வையுங்கள். தொழில் முடிந்து எஞ்சினைக் கழற்றும்போது புரொப்பல்லரைக் கையால் சுற்றி, பின்னால் தங்கூஸ் எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்ப்ளிட் பின்னைக் கழற்றி, நட்டை எடுத்து, முழுசாக உருவிப் பார்த்துவிட்டு, ஷாஃப்ட் பல்லில் மரைன் கிரீஸ் தடவி மாட்டுங்கள். தடவவில்லை என்றால் புரொப்பல்லர் ஷாஃப்டோடு பிடித்துக்கொண்டு, அப்புறம் கழற்றவே முடியாது.

ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் கார்பரேட்டர். அதைக் கழற்றியபோது அடிக்கிண்ணத்தில் பச்சையாக ஒரு பிசின். பழைய பெட்ரோல் காய்ந்தது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம்ம கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். டேங்கில் நாள்கணக்கில் கிடந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். நாம் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நிற்கும், எஞ்சின் உறிஞ்சுவது அடியிலிருந்து. அதாவது ஆயில் இல்லாத கலவை பிஸ்டனுக்குப் போகிறது. டூ ஸ்ட்ரோக்கை இதை விட வேகமாகக் கொல்ல ஒரு வழி கிடையாது. அதனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தொழிலுக்குப் போகாத காலத்தில் டேங்கைக் காலி பண்ணுங்கள், கடைசியாக ஓட்டும்போது ஹோஸைக் கழற்றிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும் வரை விட்டு கார்பரேட்டரைக் காய வையுங்கள். மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்கள் கரை வருவதற்கு முன்னால் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்தினால்தான் அடுத்த நாள் ஸ்டார்ட் ஆகும், இதைச் சேட்டன் அங்கே வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

ஆயில் விஷயத்தில் அவர் கொஞ்சம் கோபக்காரர். பைக்குக்கு விற்கிற டூ-டி ஆயிலைக் கலந்துகொண்டு வந்த ஒருவரை நான் இருக்கும்போதே நன்றாகத் திட்டினார். திட்டினது நியாயம்தான். பைக் எஞ்சின் காற்றில் குளிர்வது, அவுட்போர்டு தண்ணீரில் குளிர்வது, ரெண்டுக்கும் ஆயில் வேறு. டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்டிருக்க வேண்டும். எங்கள் எஞ்சினுக்கு ஐம்பதுக்கு ஒன்று, லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் எஞ்சினுக்கு என்ன அளவோ அதைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது என்று கண்மட்டத்தில் ஊற்றாதீர்கள், பிளக் கருகிப் புகையாகத் தள்ளும்.

மற்றதெல்லாம் சின்ன வேலைகள். பிளக் ரெண்டும் புதுசு. எஞ்சினை உப்பு அரிக்காமல் இருக்கத் தான் கரைகிற உலோகத் துண்டான ஆனோடு பாதிக்கு மேல் கரைந்துபோயிருந்தது, அதை மாற்றினார், அதன் மேல் யாரோ முன்பு பெயின்ட் அடித்திருந்தார்கள், பெயின்ட் அடித்தால் அது வேலையே செய்யாது. ஃபியூயல் ஹோஸில் கை அழுத்துகிற ரப்பர் பம்ப் வெடித்திருந்தது, அதுவும் மாறியது. ஸ்டார்ட்டர் கயிற்றில் நைந்த இடத்தைக் காட்டி, இது கடலில் அறுந்தால் என்ன பண்ணுவீர்கள் என்று கேட்டார், மாற்றச் சொல்லிவிட்டேன்.

கடையைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்தது, வேலையை நம்மைப் பக்கத்தில் நிற்க வைத்துப் பண்ணுகிறார். கழற்றின பழைய சாமானை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார். பார்ட்ஸ் காசு தனி, கூலி தனி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். ஒரிஜினல் இம்பெல்லரும் டூப்ளிகேட்டும் ரெண்டும் வைத்திருக்கிறார், எது எது என்று மறைக்காமல் சொல்கிறார், வளைத்துப் பார் மோனே என்று ரெண்டையும் கையில் தருகிறார். ஒரிஜினலே வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் இந்த ஒரு சாமானில் மிச்சம் பிடிக்கக் கூடாது. எங்களுக்கு மொத்தமாக ஆன செலவு, போர் பண்ண முன்பு கேட்டதில் கால் பங்குகூட வரவில்லை.

குறை என்று பார்த்தால் காத்திருப்பு. வேலை செய்வது அவரும் ஒரு பையனும் மட்டும். காலையில் எஞ்சினைக் கொண்டு போய் வைத்தால் அன்றைக்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது, சீல் கையிருப்பு இல்லாவிட்டால் திருவனந்தபுரத்திலிருந்து வரவேண்டும். போனை அநேகமாக எடுக்கமாட்டார். கடை முன்னால் ரோடு குறுகல், ஆட்டோவில் எஞ்சினைக் கொண்டுபோனால் இறக்கிவிட்டு வண்டியை உடனே எடுக்கச் சொல்லிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, நம்ம ஆட்கள் கடலுக்குப் போகாத நாளும் அதுதான் என்பதால் இது எனக்குக் கொஞ்சம் வருத்தம். போர் பண்ணுகிற லேத் வேலை இங்கே கிடையாது, அதை வெளியே கொடுத்து வாங்கித் தருகிறார்.

இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாசலில் மணல் மேடிட்டு எத்தனை வள்ளங்கள் கவிழ்ந்திருக்கின்றன, எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்த அலைக்குள் எஞ்சின் நின்றால் துடுப்பு போட்டுத் திருப்ப நேரம் இருக்காது. ஒரு ரப்பர் இதழும் ஒரு சீலும் அந்த இடத்தில் உயிர் காப்பவை. பழைய எஞ்சின் என்பதால் நிற்கும் என்று ஒன்றுமில்லை, அடிப்படைப் பராமரிப்பு ஒழுங்காக இருந்தால் டூ ஸ்ட்ரோக் பல வருஷம் உழைக்கும். எங்கள் எஞ்சின் இப்போது ரெண்டாவது இழுப்பில் பிடித்துக்கொள்கிறது, அண்ணன் அதை நம்பி முன்பை விடத் தள்ளிப் போகிறார், அண்ணி முன்னே மாதிரி கரையில் வந்து நிற்பதில்லை.

சேட்டன் வீட்டில் செய்யச் சொன்னது ரொம்பக் கொஞ்சம்தான். கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீர் டிரம்மில் பத்து நிமிஷம் நியூட்ரலில் ஓட்ட வேண்டும், இம்பெல்லரை வருஷம் ஒருமுறை மாற்ற வேண்டும், கியர் ஆயில் நிறத்தை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும், மாட்டுகிற ஒவ்வொரு போல்ட்டுக்கும் கிரீஸ். எஞ்சின் கடலில் முழுகிவிட்டால் மட்டும் ஒரு மணி நேரம்கூடக் காக்க வைக்காமல் நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றித் தலைகீழாக வடிய விட்டு, உள்ளே ஆயில் விட்டு உடனே தூக்கி வரச் சொல்கிறார், அந்த எஞ்சினுக்கு வரிசை கிடையாது, கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு முதலில் அதைத்தான் பார்ப்பார்.

போகிறவர்கள் ஏப்ரலுக்குள் போய்விடுங்கள். ஆனி ஆடியில் நம்ம துறைகளில் அலை ஏறி வள்ளம் இறக்க முடியாமல் பலரும் கேரளாவில் விழிஞ்ஞம் துறைமுகம் போய்த் தொழில் பண்ணுவார்கள், அதற்கு முன்னால் மே மாதம் முழுக்க எல்லோரும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் நிற்பார்கள். எஞ்சின் மாடல் எண், எஞ்சினை வள்ளத்தில் மாட்டுகிற பிராக்கெட்டில் இருக்கிற தகட்டில் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு முதலில் ஒருமுறை வெறுங்கையோடு போய்க் காட்டுங்கள், சீலும் இம்பெல்லரும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார், இருந்தால் மறுநாள் எஞ்சினைக் கொண்டு போனால் போதும்.